ஃபென்வேயில் ஒரு ஆட்டம்: ஜன்னலோர மேசையா, பிளீச்சர் டிக்கெட்டா, எதிர்முக்கு டிவியா?

மாமனார் மதுரையிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. துறைமுகம், அருங்காட்சியகம், ஹார்வர்ட் வாசல் எல்லாம் காட்டியாயிற்று. ஒருநாள் ரயிலில் போகும்போது மெதுவாகக் கேட்டார்: "மாப்பிள்ளை, இந்த ஊர்ல பாதிப் பேர் தொப்பியில சிவப்பா ஒரு 'பி' போட்டிருக்காங்களே, அது என்ன கட்சி?"

கட்சிதான். பாஸ்டன் ரெட் சாக்ஸ், இந்த ஊர் பேஸ்பால் அணி. 1918இல் கோப்பை வாங்கிவிட்டு, அடுத்த கோப்பைக்கு 2004 வரை 86 வருஷம் காத்துக் கிடந்த தொண்டர்களைக் கொண்ட கட்சி. தலைமை அலுவலகம் அவர்களுடைய மைதானம், ஃபென்வே பார்க். நாங்கள் இருப்பது ஃப்ரேமிங்ஹாம் பக்கம். வுஸ்டர் லைன் ரயிலில் ஏறி லான்ஸ்டவுன் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம். அந்தக் கோடையில் மாமாவுக்காக ஒரே மைதானத்தின் ஆட்டத்தை மூன்று விதமாகப் பார்த்தோம். டிக்கெட் இல்லாமல் மைதானத்துக்கு அடியில் இருக்கும் பிளீச்சர் பாரில் ஒருமுறை. டிக்கெட் வாங்கி அதே பாரின் தலைக்கு மேலே, கேலரியில் ஒருமுறை. சுவருக்கு வெளியே, தெருமுனை ஸ்போர்ட்ஸ் பாரில் ஒருமுறை. யாராவது ஊரிலிருந்து வந்தால் எதற்கு அழைத்துப் போவது என்று கேட்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தரையோடு தரையாக ஒரு ஜன்னல்

ஃபென்வே 1912 ஏப்ரல் 20இல் திறந்தது. பேஸ்பாலின் உச்சத் தொடரான மேஜர் லீக்கில் இன்று ஆட்டம் நடக்கும் மைதானங்களில் இதைவிடப் பழையது கிடையாது. பழைய வீட்டில் மாடிப்படிக்குக் கீழே அலமாரி செய்துகொள்வோமே, அப்படி இவர்களும் இண்டு இடுக்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள். பேட்டருக்கு நேர் எதிரே, மைதானத்தின் கடைக்கோடியில் இருக்கும் சென்டர் ஃபீல்ட் கேலரிக்கு அடியில் வெளியூர் அணி பேட்டிங் பயிற்சி செய்யும் கூண்டு ஒன்று இருந்தது. 2008இல் அதைப் பாராக்கிவிட்டார்கள். வாசல் லான்ஸ்டவுன் தெருவில். நுழைவுக் கட்டணம் கிடையாது, டிக்கெட்டும் வேண்டாம். உள்ளே போனால் எதிர்ச் சுவரில் கராஜ் கதவு அளவுக்கு ஒரு திறப்பு. அதற்கு அந்தப் பக்கம் புல்.

மாமாவுக்கு 'பார்' என்ற சொல்லே கொஞ்சம் தயக்கம். நம் ஊர் டாஸ்மாக் பார் நினைப்பு. குடிக்காதவர்களும் பர்கர் சாப்பிட்டுவிட்டுப் போகிற இடம் என்று சொல்லித்தான் அழைத்துப் போனேன். மாப்பிள்ளை முன்னால் அவரும் சரி, மாமனார் முன்னால் நானும் சரி, லெமனேட்தான்.

ஜன்னலோர மேசை கிடைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "எல்லாரும் ஏன் நமக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கிறாங்க?" சரியான கேள்வி. இங்கிருந்து பார்த்தால் சென்டர் ஃபீல்டரின் முதுகு, அவரைத் தாண்டி இரண்டாவது பேஸ், அப்புறம் பந்து வீசும் பிட்சரின் முதுகு, கடைசியில் ஏறத்தாழ நானூறு அடி தள்ளி பேட்டர். டிவியில் பேஸ்பால் பார்த்தவர்களுக்குத் தெரியும், முக்கியமான கேமராவும் இதே திசையிலிருந்துதான் எடுக்கும். ஆனால் கேமரா உயரத்தில் இருக்கிறது, அதற்கு ஜூம் இருக்கிறது. நமக்கு இரண்டும் இல்லை. கண் மட்டம் புல் மட்டத்தில். பிட்சர் நிற்கும் மேடே பத்து அங்குல உயரம். பந்து வளைந்ததா, ஸ்ட்ரைக்கா (சரியான வீச்சு), பாலா (விலகிப்போன வீச்சு) என்பதெல்லாம் இங்கிருந்து தெரியாது. பேட் சுழல்வது தெரியும். அடித்த 'டொக்' சத்தம் அதற்கு அப்புறம்தான் வந்து சேரும். நானூறு அடியைக் கடக்க ஒலிக்கு ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகிறது. தூரத்தில் வண்ணான் துணி துவைப்பதைப் பார்த்த அனுபவம் இருந்தால் புரியும்.

உயரே போன பந்து ஜன்னல் சட்டத்துக்கு மேலே மறைந்துவிடும். அப்போது செய்யக்கூடியது ஒன்றுதான், ஃபீல்டரின் கழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பது.

ஆனால் இந்த ஜன்னலில் வேறு எங்கும் கிடைக்காத ஒன்று உண்டு, அந்தச் சென்டர் ஃபீல்டர்தான். கூப்பிடு தூரத்தில் நிற்கிறார். ரெட் சாக்ஸின் வெள்ளைச் சட்டையில் முதுகில் பெயர் இருக்காது, எண் மட்டும். புது பேட்டர் வந்ததும் அவர் பின் பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தார், படித்தார், நாலடி இடப்பக்கம் நகர்ந்தார், அட்டையைத் திரும்பச் செருகிக்கொண்டார். எந்த பேட்டருக்கு எங்கே நிற்க வேண்டும் என்று அணி எழுதிக் கொடுத்த குறிப்பு அது. மாமா மேசையில் தட்டினார். "பிட்டு அடிக்கிறான் மாப்பிள்ளை! நடு மைதானத்துல நின்னு பிட்டு அடிக்கிறான்!"

ஐந்தாவது இன்னிங்ஸில் (இங்கே இன்னிங்ஸ் என்றால் இரு அணியும் ஒவ்வொரு முறை பேட் பிடிக்கும் சின்னச் சுற்று) ஒரு பந்து எங்கள் பக்கமே வந்தது. அதுவரை முதுகாக மட்டும் இருந்தவர் சட்டென்று திரும்பி நேராக எங்களை நோக்கி ஓடி வந்தார். முதல்தடவையாக முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. புல் முடிந்து செம்மண் பட்டை தொடங்கும் இடத்தில் தோளுக்கு மேல் கையை நீட்டிப் பிடித்தார். எங்களுக்குப் பின்னால் தொங்கிய டிவியில் அப்போதுதான் பிட்சர் பந்தை வீசிக்கொண்டிருந்தார். நேரடி ஒளிபரப்பு சில நொடி பின்தங்கித்தான் வரும். அந்தப் பாரில் ஜன்னலைப் பார்ப்பவர்களுக்கு ஒரு காலம், டிவியைப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு காலம்.

சரி, சங்கடங்கள். ஆட்ட நாளில் வெளியே வரிசை நீளும், ஜன்னலோர மேசைக்கு நேரக் கணக்கு வைத்துத்தான் உட்கார வைப்பார்கள். முழு ஆட்டத்தையும் அங்கேயே பார்த்துவிடலாம் என்று கிளம்பினால் ஏமாற்றம்தான். உள் மேசைகளில் உட்கார்ந்தால் நீங்கள் சாதாரண ஸ்போர்ட்ஸ் பாரில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆண்கள் கழிப்பறையிலும் மைதானம் தெரிகிற மாதிரி ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார்கள். அங்கே போய்விட்டு வந்த மாமா அதைப் பற்றி அத்தையிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

இந்த யோசனையின் பெரிய அண்ணன் டொரண்டோவில் இருக்கிறது. 1989இல் ஸ்கைடோமாகத் திறந்த இன்றைய ராஜர்ஸ் சென்டர் மைதானத்துக்குள்ளேயே ஹோட்டல்; 348 அறைகளில் 70 அறைகள் மைதானத்தைப் பார்த்தபடி. அதே ஊரின் ஸ்காபரோ பகுதியில் இருக்கும் உறவுக்காரர்கள் வீட்டில் தங்கிக்கொண்டு அங்கே அறை எடுத்தால் அடி விழும் என்பதால் நான் முயலவில்லை.

அதற்கு மேலே, வெயிலில்

பிளீச்சர் என்ற பெயரே வெயிலில் வெளுத்துப்போகும் பலகை இருக்கை என்பதால் வந்தது. கூரை கிடையாது. ஃபென்வேயின் இந்தக் கேலரி தென்மேற்கைப் பார்த்து இருக்கிறது. ஜூன் மாதம் சாயங்கால ஆட்டத்துக்குப் போனால் முதல் இரண்டு இன்னிங்ஸ் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். ஏப்ரலில் போனால் பிரச்சினை நேர்மாறு: கம்பளி இல்லாமல் உட்கார முடியாது. டிக்கெட் விலை எதிரணியைப் பொறுத்து, கிழமையைப் பொறுத்து மாறும். நியூயார்க் அணியான யாங்கீஸ் வந்தால் எகிறும். குளிரான செவ்வாய்க்கிழமைக்கு இறங்கும்.

இத்தனைக்கும், ஆட்டம் என்று பார்த்தால் பாரும் இதுவும் ஒப்பீடே இல்லை. அதே திசை, அதே தூரம். ஆனால் உயரம் வந்ததும் எல்லாம் விளங்கிவிடுகிறது. ரன்னர் எப்போது ஓடுகிறார், இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் எங்கே நகர்கிறார், பந்து எந்த இடைவெளியில் விழப்போகிறது என்று ஒரே பார்வையில் தெரியும். நமக்கு வலப்பக்கம், பேட்டருக்கு இடப்பக்கம், 37 அடி உயரப் பச்சைச் சுவர், கிரீன் மான்ஸ்டர். பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து 310 அடியிலேயே அந்தச் சுவர் வந்துவிடுவதால் வேறு மைதானத்தில் கேட்சாகியிருக்கும் பந்து இங்கே சுவரில் மோதி விழும். அந்தச் சுவரின் ஸ்கோர்போர்டில் எண் பலகைகளை இன்னும் ஆட்கள் கையால்தான் மாட்டுகிறார்கள். மாமாவுக்கு அது ரொம்பப் பிடித்தது. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஸ்கோர்போர்டுக்குப் பின்னால் நின்று தகரப் பலகை மாட்டிய கதையை மூன்று இன்னிங்ஸ் சொன்னார்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேலரியில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. நடுவில் 35ஆம் செக்‌ஷன் பகல் ஆட்டங்களில் ஆள் இல்லாமல், கருந்துணி போர்த்தி இருக்கும். பேட்டருக்கு வெள்ளைப் பந்து தெரிய வேண்டுமே, அதற்கு. நம் சைட்ஸ்கிரீன்தான். இரவு ஆட்டத்தில் அங்கேயும் ஆட்களை உட்கார வைத்துவிடுவார்கள். மைதானத்தில் 37,755 பேர் உட்காரலாம் என்று சொல்வது இரவுக் கணக்கு. பகலில் சில நூறு குறையும்.

பேட்டருக்கு வலப்பக்கமாக, கேலரியில் பச்சை இருக்கைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் சிவப்பு. 42ஆம் செக்‌ஷன், 37ஆம் வரிசை, 21ஆம் இருக்கை. 1946 ஜூன் 9இல் ரெட் சாக்ஸ் வீரர் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து அங்கே உட்கார்ந்திருந்தவரின் வைக்கோல் தொப்பியில் இறங்கியது. கேட் திறந்ததும் போனால் அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். ஹோம் பிளேட் அங்கிருந்து எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்று பார்த்தபின்தான் 502 என்ற எண் உறைக்கும்.

எட்டாவது இன்னிங்ஸ் நடுவில் கேலரி முழுக்க எழுந்து ஒரு பழைய பாட்டைப் பாடுவார்கள். வரி தெரியாத மாமாவும் எழுந்து நின்று வாயசைத்தார். கீழே பாரில் இருந்தால் அந்தச் சத்தம் கூரை வழியாக, பக்கத்து வீட்டுக் கல்யாணம் மாதிரி கேட்கும்.

மான்ஸ்டர் சுவரின் உச்சியிலும் 2003இலிருந்து இருக்கைகள் உண்டு. விலையைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன்.

எதிர்முக்கில்

மான்ஸ்டருக்குப் பின்னால், லான்ஸ்டவுன் தெருவும் புரூக்லைன் அவென்யூவும் சேரும் மூலையில் காஸ்க் அண்ட் ஃபிளாகன் என்ற ஸ்போர்ட்ஸ் பார். மைதானம் தெரியாது, டிவிகள் தெரியும். அங்கே ஒரு விசித்திரம். சுவருக்கு அந்தப் பக்கம் முப்பதாயிரம் பேர் திடீரென்று கத்துவார்கள். டிவியில் பிட்சர் இன்னும் மூக்கைச் சொறிந்துகொண்டிருப்பார். ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்று பார் முழுக்கத் தெரியும், என்னவென்று தெரியாது. பரீட்சை ரிசல்ட்டை வாத்தியார் முகத்தில் படிப்பது போல அந்தச் சில நொடி. எனக்கு அது பிடித்திருந்தது. மாமாவுக்குப் பிடிக்கவில்லை. "கதையைச் சொல்லிட்டுப் படம் போடுறான்" என்றார்.

நாலைந்து பேர் கூடி அரட்டை அடிக்க, நடுவில் ஸ்கோரும் தெரிய வேண்டும் என்றால் இந்த மாதிரி இடம்தான் தோது. ஆட்டம் முடிந்து இதே தெருவில் கூட்டம் வழியும்போது வெங்காயமும் குடைமிளகாயும் வதங்கும் சாசேஜ் வண்டி வாசனை உள்ளே வரும். சைவக்காரர்களுக்கு எங்கே போனாலும் ஃப்ரைஸ், பிரெட்சல், நாச்சோஸ் என்ற முக்கூட்டணிதான்.

பாரில் குடிப்பதாக இருந்தால் பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள். மாசசூசெட்ஸில் 21 வயது நிரம்பியது என்று காட்ட இந்திய டிரைவிங் லைசென்ஸைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய, தலை முழுக்க நரைத்த என் நண்பர் ஒருவரையே இந்த வட்டாரத்தில் ஒரு வாசலில் திருப்பி அனுப்பினார்கள். கோபப்படுவதா, இளமையாகத் தெரிகிறோம் என்று சந்தோஷப்படுவதா என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

என்னைக் கேட்டால்

முதல்தடவை வருபவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு பிளீச்சர் டிக்கெட்தான். 2023இல் பிட்சருக்கு நேரக் கெடு வைக்கும் பிட்ச் கிளாக் வந்த பிறகு ஆட்டம் மூன்று மணி நேரத்திலிருந்து ஏறத்தாழ 2 மணி 40 நிமிடத்துக்குச் சுருங்கிவிட்டது. விருந்தாளி கொட்டாவி விடுவதற்குள் முடிந்துவிடும்.

இரண்டும் வேண்டும் என்றால் வரிசை முக்கியம்: பார் முதலில், டிக்கெட் அப்புறம். உள்ளே போனபின் வெளியே வந்தால் அதே டிக்கெட்டில் மறுபடி விடமாட்டார்கள். ஆட்டத்துக்கு மூன்று நாலு மணி நேரம் முன்னதாகவே பாருக்குப் போய்விடுங்கள். அப்போது வரிசை அதிகம் இருக்காது. அன்று பயிற்சி மைதானத்தில் நடந்தால், கேட் திறக்கும் முன்பே ரெட் சாக்ஸ்காரர்கள் அடித்துப் பழகுவதை டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கும் முந்தி நீங்கள் பார்க்கலாம்.

ஆனால் எனக்கு அந்த ஜன்னல் மிகவும் பிடித்தது ஆட்டமே இல்லாத ஒரு நாளில்தான். மாமா ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய வாரம், அணி வெளியூரில் ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னலோர மேசை காலியாக இருந்தது, எழுந்திருக்கச் சொல்ல யாரும் இல்லை. டிவியில் எங்கேயோ ஒரு மைதானத்தில் அதே சென்டர் ஃபீல்டர், இப்போது சாம்பல் சட்டையில். ஜன்னலுக்கு வெளியே அவர் நிற்கும் இடத்தில் யாரும் இல்லை. ஒரு ஆள் மட்டும் குழாயை இழுத்துக்கொண்டு வந்து செம்மண்ணுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். மாமா நாற்காலியை டிவி பக்கமிருந்து திருப்பிப் போட்டுக்கொண்டு, லெமனேட் தீரும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.