வாடைக்காற்றில் குழுவாக சைக்கிள்: தனுஷ்கோடியா, ஏர்வாடியா?

இராமநாதபுரத்திலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் கிளம்பும் குழுவுக்கு இரண்டு பாதைகள். தொலைவைவிடக் காற்றின் திசைதான் முக்கியம்.

ராமேசுவரம் தாண்டி தனுஷ்கோடி போகும்போது வாடை இடப்பக்கத்திலிருந்து அறையும். காற்றுக்கு மறைவு தேடினால் பின்னால் வருபவர் முன்னவரின் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். அது வாகனங்கள் வரும் பக்கம். அதனால் நான்கு பேருக்கு மேல் ஒரு வரிசை கூடாது. திரும்பும்போது மறைவு இடது ஓரத்தில் கிடைக்கும், ஆனால் அங்கேதான் மணல் படிந்திருக்கும். மணலில் ஹேண்டிலைத் திருப்பாதீர்கள், பிரேக்கும் பிடிக்காதீர்கள், நேராக உருளவிடுங்கள். உயரமான ரிம் உள்ள சக்கரம் வேண்டவே வேண்டாம், பக்கக்காற்று அதைப் பிடித்துத் தள்ளும். பாம்பன் பாலத்தில் ஒற்றை வரிசை, ஆளுக்கு ஆள் இரண்டு சைக்கிள் நீள இடைவெளி. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால், ஒன்றாம் எண்ணாக இருந்தாலும், பயணத்தை ரத்து செய்யுங்கள்.

கீழக்கரை வழியாக ஏர்வாடி போக வாடையே தள்ளிவிடும். பாதுகாப்பானது. ஆனால் திரும்பும் வழி முழுக்க எதிர்காற்று. போகையில் வேகம் காட்டியவர்தான் வரும்போது துவள்வார். பாதித் தண்ணீரையும் கடலைமிட்டாயையும் திரும்பும் வழிக்கு வையுங்கள்.

புதியவர்கள் இருந்தால் ஏர்வாடியே எங்கள் தேர்வு. எந்தப் பாதையானாலும் வீடு சேர்ந்ததும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, செயினைத் துடைத்துக் காயவைத்தபின் எண்ணெய் விடுங்கள். மிச்ச எண்ணெயைத் துடைக்காவிட்டால் மணல் ஒட்டிப் பல்சக்கரத்தின் பற்களைத் தேய்த்துவிடும்.