த்ராட்டில் பாடி: துளையைப் பெரிதாக்குவதா, உள்ளதையே சுத்தம் செய்து மாட்டுவதா?

மாருதி எஸ்டீம் போன்று ஆக்சிலரேட்டர் கேபிளால் இயங்கும் பழைய பெட்ரோல் காரில் எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் தகட்டால் கட்டுப்படுத்தும் குழாயான த்ராட்டில் பாடியைக் கழற்றியபின் இரண்டு வழிகள் உள்ளன. லேத் பட்டறையில் துளையைக் கடைந்து பெரிய தகடு பொருத்தலாம். அல்லது கரியை நீக்கி, புதிய கேஸ்கெட்டுடன் பழையபடியே மாட்டலாம். நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழி.

48 மி.மீ. துளையை 52 ஆக்கினால் பரப்பு 17 சதவீதம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் 1,298 சிசி எஞ்சின் 6,000 ஆர்.பி.எம்.மில்கூட நொடிக்கு ஏறத்தாழ 65 லிட்டர் காற்றைத்தான் இழுக்கும் என்பதால், பழைய துளை அதற்குப் பெரிய தடையாக இருப்பதில்லை. துளையைப் பெரிதாக்கியபின் பிக்கப் கூடியதாகத் தோன்றுவதற்குக் காரணம், பெடலை அதே அளவு மிதித்தாலும் முன்பைவிட அதிகக் காற்று நுழைவதே.

என் முடிவைத் தீர்மானித்தது, தகடு மூடியிருக்கும் நிலை. தகடு முழு வட்டம் அன்று. சற்றே சாய்ந்து உட்காருவதால் நுண்ணிய நீள்வட்டமாகவும், விளிம்பு சரிவாகவும் செய்யப்பட்டிருக்கும். 52 மி.மீ. தகட்டைச் சுற்றி 0.05 மி.மீ. இடைவெளி கூடுதலாக விழுந்தாலே, 3 மி.மீ.க்குச் சற்று மேற்பட்ட விட்டமுள்ள ஓட்டை எப்போதும் திறந்திருப்பதற்குச் சமம். பெடலை மிதிக்காதபோது காற்றை அளந்துவிடும் ஐட்லிங் வால்வு முழுதாக மூடினாலும் ஆர்.பி.எம். இறங்காமல் நிற்கலாம். இடைவெளியை மிகவும் குறைத்தாலோ தகடு துளையில் சிக்கிக்கொள்ளும். பின்னாளில் அந்தத் தகடு தேய்ந்தால், மாற்றுத் தகடு கடையில் கிடைக்காது. அதே பட்டறையைத்தான் மறுபடியும் தேடிப்போக வேண்டும்.

சுத்தம் செய்வதற்குத் தகட்டைக் கழற்றவே தேவையில்லை. அதன் ஸ்க்ரூ முனைகள் நசுக்கப்பட்டிருக்கும் என்பதால், அராவாமல் திருகினால் தகடு சுழலும் அச்சான ஸ்பிண்டிலின் மரை கெட்டுவிடும். கழற்றியே ஆக வேண்டுமானால் தகட்டின் திசையைக் குறித்துக்கொண்டு, திரும்ப மாட்டும்போது அதை மூடிய நிலையில் தானாக நடுவில் அமரவிட்டு, ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் மரைப்பசை தடவி இறுக்க வேண்டும். கழன்று விழும் ஸ்க்ரூ நேராக எஞ்சினுக்குள்தான் போகும். சில மாடல்களில் தகட்டின் ஓரத்தில் ஆலையிலேயே பூசிய கரும்பூச்சு இருக்கும். அதைக் கரி என்று நினைத்துத் தேய்த்துவிட்டால் காற்று கசியும். மூடிய நிலையில் தகட்டைத் தாங்கும் ஸ்டாப் ஸ்க்ரூவையும் தொடக்கூடாது.

வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டையும் எக்ஸாஸ்டையும் மாற்றி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு.வையும் திருத்திய வண்டியில் பெரிய துளை பலன் தரக்கூடும். அப்படிப்பட்ட வண்டியை நான் ஓட்டியதில்லை. அங்கும்கூட, கடைவதைவிடப் பெரிய எஞ்சினுக்காக ஆலையில் செய்த த்ராட்டில் பாடியைத் தேடுவதே மேல் என்று எனக்குப் படுகிறது. காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் மேனிஃபோல்டின் வாயையும் அதற்கு ஒத்த அளவுக்கு அகட்டி, தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் த்ராட்டில் சென்சாரின் அளவீடும் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.