பிளெண்டர்: காசு கேட்காது, நேரம் கேட்கும்

முப்பரிமாண உருவங்களைச் செய்து அசையவைக்கும் மென்பொருளான பிளெண்டர் இலவசம் என்பது ஊரறிந்த செய்தி. 2002-ல் அதை நடத்திய நிறுவனம் மூடப்பட்டபோது, அதை உருவாக்கிய டோன் ரோசண்டால் ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி மூலநிரலை மீட்டு யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் இடம்தரும் ஜி.பி.எல். உரிமத்தில் விட்டார். ஆனால் இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக யாரும் மாதக்கணக்கில் ஒரு மென்பொருளோடு மல்லுக்கட்ட மாட்டார்கள். வேலை முடிந்து இரவில் ஒன்றிரண்டு மணி நேரம் உட்கார்ந்து எதையாவது அசைத்துப் பார்க்க நினைப்பவருக்கு இது எப்படி ஒத்துழைக்கிறது என்பதுதான் இங்கே பேச்சு. மாடலிங், சிற்பம் செதுக்குவதெல்லாம் தனிக்கதை.

அசைவு என்று வந்தால் பிளெண்டரின் உயிர், அசைவை வளைகோடாகக் காட்டித் திருத்தவிடும் கிராஃப் எடிட்டரில் இருக்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கமே போவதில்லை. துள்ளும் பந்தையே எடுத்துக்கொள்வோம். 1-வது ஃபிரேமில் (அசைபடத்தின் ஒரு தனிப்படம்) மேலே, 13-ல் தரையில், 25-ல் மறுபடி மேலே என்று மூன்று கீஃபிரேம் (நிலையை நாமே குறித்துவைக்கும் ஃபிரேம்) போட்டு ஓட்டினால், பந்து பஞ்சுமூட்டை மாதிரி மெல்ல இறங்கி மெல்ல எழும். கீஃபிரேம்களுக்கு இடையே பிளெண்டர் தானாகப் போடுவது பெஸியர் வளைவு. அது ஒவ்வொரு கீஃபிரேமை நெருங்கும்போதும் வேகத்தைத் தணிக்கும். உச்சியில் அது சரி, தரையில் தப்பு. உயரத்தைக் காட்டும் இசட் வளைவில் தரைப் புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து, வி விசையை அழுத்தி 'வெக்டர்' கொடுங்கள். வளைவு அங்கே கூராக ஒடியும், பந்துக்கு எடை வந்துவிடும்.

நடைச் சுழற்சியிலும் இப்படி ஓர் இடறல் உண்டு. 1-ல் ஒரு கால், 13-ல் மறுகால், 25-ல் பழையபடி முதல் நிலை. 25-வது ஃபிரேமும் 1-வதும் ஒன்றேதான் என்பதால், முடிவு ஃபிரேமை 24 என்று வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஆள் ஒரு கணம் விக்குவான். தொடர்ந்து நடக்க வைக்க, வளைவைத் திரும்பத் திரும்ப ஓட்டும் 'சைக்கிள்ஸ்' மாடிஃபையர் போடலாம். காட்சியைக் கணக்கிட்டு இறுதிப் படமாக்கும் ரெண்டர் இயந்திரம் ஒன்றுக்கும் அதே பெயரை வைத்தது யார் யோசனையோ!

வேகத்தைக் கண்ணால் எடைபோடுவதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். காட்சி கனமாக இருந்தால் திரையில் நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் 11-தான் ஓடும். அதை நம்பித் திருத்தினால், ரெண்டர் ஆனபின் எல்லாம் தலைதெறிக்க ஓடும். பிளேபேக் பகுதியில் ஃபிரேம் டிராப்பிங்கைத் தேர்ந்தெடுங்கள்; சில ஃபிரேம்களைத் தாண்டியாவது சரியான வேகத்தில் ஓட்டிக் காட்டும்.

உருவத்தை அசைக்க உள்ளே எலும்பு பூட்டுவதில், எந்த எலும்பு எந்தப் பகுதியை இழுக்கும் என்று தானாகப் பிரிக்கும் 'ஆட்டோமேட்டிக் வெயிட்ஸ்' பாதி நாள் கைகொடுக்கும், பாதி நாள் 'போன் ஹீட்' பிழை காட்டி நின்றுவிடும். ஒரே இடத்தில் இரட்டைப் புள்ளிகள் கிடப்பதும், மெஷ்ஷுக்குள் (உருவத்தின் வலைப்பின்னல்) துண்டுகள் ஒன்றையொன்று ஊடுருவிக் கிடப்பதும் வழக்கமான காரணங்கள். எடிட் மோடில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, எம் அழுத்தி 'பை டிஸ்டன்ஸ்' கொடுத்தால் முதல் கோளாறு தீரும். எலும்பு சேர்ப்பதற்கு முன்பே கன்ட்ரோல்-ஏ மூலம் ஸ்கேலை (பெரிதாக்கிய, சிறிதாக்கிய அளவை) அப்ளை செய்துவிடுவது நல்லது.

பொழுதுபோக்குப் படங்கள் பெரும்பாலும் செத்துப்போகும் இடம் ரெண்டர். 10 நொடி என்றால் 240 ஃபிரேம். ஒன்றுக்கு 2 நிமிடம் என்றாலே 8 மணி நேரம். சைக்கிள்ஸ் ரெண்டர் இயந்திரத்தில் சாம்பிள் (ஒரு புள்ளிக்கு எத்தனை முறை ஒளியைக் கணக்கிடுவது) 4096 என்றே வருகிறது, வீட்டுக் கணினிக்கு இது அதிகம். 128 முதல் 256 வரை வைத்து புள்ளிப்புள்ளியான இரைச்சலைத் துடைக்கும் டீனாய்ஸரை இயக்கினால் பெரும்பாலான காட்சிகளுக்குப் போதும். இருண்ட மூலைகளில் கறை ஊர்வது போலத் தெரிந்தால், டீனாய்ஸர் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகத் துடைப்பதுதான் காரணம். அந்த ஷாட்டுக்கு மட்டும் சாம்பிளைக் கூட்டுங்கள், அல்லது விளக்கு ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

கிராஃபிக்ஸ் அட்டை இருந்தும் ரெண்டர் ஆமை வேகத்தில் போகிறதா? அட்டையை இரண்டு இடத்தில் இயக்க வேண்டும்: பிரிஃபரன்சஸில் சிஸ்டம் பகுதியில் ஒன்று, ரெண்டர் அமைப்பில் 'ஜி.பி.யு. கம்ப்யூட்' என்று இன்னொன்று. ஒன்றை விட்டாலும் வேலை முழுக்க சி.பி.யு. தலையில் விழும். அட்டையின் நினைவகம் போதவில்லை என்ற பிழை வந்தால் டெக்ஸ்சர்களை (பொருள்களின் மேல் போர்த்தும் படங்களை) பாருங்கள். அகலமும் உயரமும் 4096 பிக்சல் உள்ள சாதாரண 8-பிட் படம் சுருக்காத நிலையில் 64 எம்.பி. பிடிக்கும், 2048 என்றால் 16-தான். தூரத்துச் சுவருக்கு 4096 வீண்.

அவசரத்துக்கு ஈவி என்ற இன்னொரு ரெண்டர் இயந்திரம் இருக்கிறது, ஃபிரேமுக்குச் சில நொடிகள்தான். ஆனால் அதன் பிரதிபலிப்பு பெரிதும் திரையில் தெரிவதை வைத்தே நடப்பதால், கேமராவுக்குப் பின்னால் நிற்கும் பொருள் கண்ணாடியில் சரியாக விழாது. கார்ட்டூன் பாணிக்கு இது குறையே இல்லை.

பதிப்பு விஷயத்தில் பிளெண்டருக்கு மதிப்பெண் குறைக்கத்தான் வேண்டும். 2019-ல் வந்த 2.80 முகப்பையே மாற்றியது. அதற்கு முந்தைய பாடங்களைப் பார்த்தால் பாதிப் பொத்தான்கள் காணாமல் போயிருக்கும். 2024-ல் 4.2 ஈவியைப் புதிதாக எழுதியதால் பழைய கோப்புகளில் வெளிச்சம் மாறித் தெரியலாம். எல்.டி.எஸ். எனப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு 2 ஆண்டு பிழைத்திருத்தம் உண்டு. ஒரு படத்தை அதில் தொடங்கினால் அதிலேயே முடியுங்கள்.

ரெண்டரை நேரே எம்.பி.4 ஆக எடுக்காதீர்கள். 180-வது ஃபிரேமில் கணினி நின்றால் கோப்பு மொத்தமும் போச்சு. ஃபிரேமுக்கு ஒரு படமாக, பி.என்.ஜி. வரிசையாக எடுத்தால் 180-லிருந்தே தொடரலாம், பாதியில் அறுந்த அந்த ஒரு படத்தைத் தவிர வேறெதுவும் நட்டமில்லை.