டன்னுக்கு 400 ரூபாயா, கார்பன் சந்தையா? நெய்வேலிக் கரியை வைத்து ஒரு கணக்கு

கரிப்புகையைக் கட்டுப்படுத்த டெல்லி இதுவரை இரண்டு வழி பார்த்திருக்கிறது. ஒன்று, எரிக்கும் கரிக்கு டன் கணக்கில் வரி. மற்றது, ஆலைக்கு ஆலை இலக்கு வைத்து, மிச்சம் பிடித்தவர் மீறியவருக்கு விற்கும் கார்பன் சந்தை. கடலூர்க்காரனுக்கு இரண்டையும் உரசிப் பார்க்க நெய்வேலியை விட நல்ல உரைகல் கிடையாது.

வரி 2010-ல் 50 ரூபாயில் தொடங்கி 2016-ல் 400-ஐத் தொட்டது. நெய்வேலியில் வெட்டும் பழுப்பு நிலக்கரிக்கும் அதே 400. விஷயமே இங்கேதான். நம்மூர்க் கரியில் பாதிக்குப் பாதி ஈரம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எரிக்க வேண்டும். ஆக யூனிட்டுக்கு 40 பைசா வரி. நல்ல ரகக் கறுப்புக் கரி அவ்வளவு வேண்டாம், வரியும் குறையும். எது அதிகம் புகைகிறதோ அதன் மடியில்தான் அதிகம் கை வைத்தது. புகைபோக்கியில் ஏறி அளக்கவும் வேண்டாம், எடைமேடைச் சீட்டு போதும்.

வசூலான பணம்? தூய எரிசக்திக்கென்று வாங்கியதில் பெரும்பகுதி அங்கே போய்ச் சேரவில்லை. 2017-க்குப் பின் ஜிஎஸ்டியால் மாநிலங்களுக்கு வந்த இழப்பை ஈடுகட்டப் போனது. ('பசுமை' என்று பெயர் வைத்த வரி எதையும் அதற்கப்புறம் நான் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறேன்.) 2025 செப்டம்பரில் அந்த 400-ம் போய், ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 ஆனது. இது விலையைப் பார்த்துப் போடும் வரி. மட்ட ரகம் மலிவு, அதனால் வரியும் மலிவு. பழைய நியாயம் தலைகீழ்!

சந்தைத் திட்டம் 2023-ல் வந்தது. இலக்கு மொத்தப் புகைக்கு இல்லை. ஒரு டன் சரக்குக்கு எவ்வளவு புகை என்பதற்குத்தான். உற்பத்தி பெருகினால் புகையும் கூடும், இலக்கும் நிறைவேறும். 2025 அக்டோபரில் சிமென்ட், அலுமினியம், காகிதம், காஸ்டிக் சோடா துறைகளுக்கு முதல் இலக்குகள் வந்தன. காஸ்டிக் சோடா ஆலை புதுச்சேரி காலாப்பட்டிலேயே உண்டு. அனல்மின் நிலையங்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

என் ஓட்டு பழைய வரிக்கே. ஆனால் ஒரு திருத்தத்தோடு. 2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்துக்காக வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லுக்குள் பொக்லைன் இறங்கியது. டன்னுக்கு 400-ல் ஒரு பங்கு அப்படிப்பட்ட ஊர்களுக்கென்று எழுதியிருந்தால், அந்த வரியை எடுத்த அன்று விருத்தாசலம் ரோட்டில் நாலு பேராவது மறித்து உட்கார்ந்திருப்பார்கள்.