பெண் மாங்குயிலைக் காட்டித்தருமா? 8×42 தொலைநோக்கி ஒன்றின் மதிப்பீடு

யாழ்ப்பாணத்தில் பறவை பார்ப்பதற்கென்று தொலைநோக்கி வாங்குபவர்களில் பலர், கடல்நீரேரியில் தொலைவில் நிற்கும் பூநாரைகளை மனத்தில் வைத்தே 10×50 (10 மடங்கு உருப்பெருக்கம், 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள முன்வில்லை) போன்ற பெரிய கருவியைத் தெரிவு செய்கிறார்கள். வளவுக்குள் நிற்கும் மாமரத்தின் அடர்ந்த இலைகளுக்கிடையே தோன்றித் தோன்றி மறையும் மாங்குயிலுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. ஆகவே, நடுத்தர விலையில் கிடைக்கும் ரூஃப் பிரிசம் வகை (நேரான குழல் வடிவம் கொண்ட) 8×42 தொலைநோக்கி ஒன்றை, பெண் மாங்குயிலைப் பிரித்தறியத் தேவையான அடையாளங்களை அது தெளிவாகக் காட்டுகிறதா என்ற ஒரே கேள்வியை முன்வைத்து இங்கே மதிப்பிடுகிறேன்.

இந்தக் கேள்வி எமது பகுதியில் சற்றுச் சிக்கலானது. ஆண்டு முழுவதும் இங்கே காணப்படுவதும், பலர் மாம்பழக்குருவி என்று அழைப்பதும் கருந்தலை மாங்குயிலாகும். அதன் ஆணுக்கும் பெண்ணுக்கும் தலை ஒரேபோலக் கறுப்பு. பெண்ணின் முதுகு மஞ்சளில் இலேசான பச்சைச் சாயல் இருக்கும் என்பதைத் தவிர வேறுபாடு அதிகமில்லை. குளிர்காலத்தில் மட்டும் அரிதாக வந்து சேரும் பொன் மாங்குயிலிலோ ஆணும் பெண்ணும் வெவ்வேறு பறவைகள் போலத் தோன்றும். ஆண் பளிச்சென்ற மஞ்சள் நிறமும், கண்ணைக் கடந்து பின்னோக்கி நீளும் கறுப்புப் பட்டையும் உடையது. பெண்ணின் முதுகு பச்சை கலந்த மங்கிய மஞ்சளாகவும், அடிப்பகுதி வெளிறியும், அதில் மெல்லிய கபிலநிறக் கோடுகள் ஓடியும், அலகு இளஞ்சிவப்பாகவும் காணப்படும். இதனோடு குழப்பிக்கொள்ளப்படுவது பெரும்பாலும் கருந்தலை மாங்குயிலின் இளம்பறவையே. அதற்கு நெற்றியில் மஞ்சளும், வெள்ளைத் தொண்டையில் கருங்கோடுகளும், கருமையான அலகும் இருக்கும். வயிறு மட்டும் கோடின்றித் தெளிந்த மஞ்சளாக இருக்கும். ஆகவே கோடுகள் தொண்டையோடு நிற்கின்றனவா அல்லது வயிறு வரை இறங்குகின்றனவா என்பதும், அலகு கருமையா இளஞ்சிவப்பா என்பதுமே தீர்ப்புக்குரிய அடையாளங்கள்.

நல்ல வெளிச்சத்தில், மரத்தடியிலிருந்து உச்சிக் கிளை வரையான தூரத்தில், இந்தக் கருவி மேற்சொன்ன இரண்டு அடையாளங்களையும் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது. நிறத்தை மிகைப்படுத்தாமல் தருவது இதன் பெரிய பலம். மலிவான தொலைநோக்கிகள் சிலவற்றில் காட்சி முழுவதும் இலேசான மஞ்சளில் தோய்ந்திருப்பதால், பச்சை கலந்த மஞ்சளையும் தனி மஞ்சளையும் பிரிக்க முடியாமல் போகிறது. இவ்வகைப் பறவைக்கு அதைவிடக் கேடான குறை வேறில்லை. எனினும் வெண்மையான வானத்தை எதிர்த்துப் பார்க்கும்போது கிளைகளின் ஓரத்தில் ஊதா நிறம் கசிகிறது. மாங்குயில் மர உச்சியை விரும்பும் பறவையாதலால் இந்தக் குறை அடிக்கடி குறுக்கிடும். கூடுதல் விலை கொடுத்து ஈ.டி. கண்ணாடி (நிறக்கசிவைக் குறைக்கும் சிறப்புக் கண்ணாடி) உள்ளதை வாங்கினால் அது பெருமளவு குறையும்.

பொன் மாங்குயில் மத்திய ஆசியாவிலிருந்து பாகிஸ்தான், வட இந்தியா, நேபாளம் வரையான நிலப்பரப்பில் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் தென்னிந்தியாவை நோக்கி இறங்குகிறது. அவற்றுள் சிலவே இலங்கையை எட்டுகின்றன. அதாவது அதைத் தேடவேண்டிய மாதங்களும் வடகீழ்ப் பருவமழையின் மாதங்களும் பெரிதும் ஒன்றாகின்றன. மார்கழி மாதத்து மப்பும் மந்தாரமுமான காலை வேளையில் 8×42 கருவியின் மதிப்பு விளங்குகிறது: 42 மில்லிமீற்றரை 8 ஆல் வகுக்க, கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் 5.25 மில்லிமீற்றர்; 10×42 கருவியில் அது 4.2 மட்டுமே. இந்தக் கற்றை அகன்றிருந்தால் மங்கிய வெளிச்சத்திலும் காட்சி பிரகாசமாகத் தெரியும். வயதாக ஆகக் கண்மணி விரிவது குறைவதால், மூத்தவர்களுக்கு இந்த நன்மை முழுமையாகக் கிட்டாது என்பதையும் சொல்லவேண்டும்.

பறவையின் பழக்கமும் கருவியின் தெரிவைத் தீர்மானிக்கிறது. மாங்குயில்கள் நிலத்துக்கு இறங்குவது அரிது. ஆல், அரசு போன்ற மரங்கள் பழுக்கும்போது அவற்றின் உச்சியில் பழமும் பூச்சியும் தேடித் திரிந்து, பின்னர் தாழ்ந்தும் எழும்பியும் செல்லும் பறப்போடு அடுத்த மரத்துக்குப் போய்விடும். குழலோசை போன்ற குரல் கேட்ட திசையில் உடனே பறவையைப் பிடிக்கவேண்டுமானால் அகன்ற காட்சிப்பரப்பு தேவை. அதில் 8 மடங்கு கருவி 10 மடங்கைப் பெரும்பாலும் வெல்லும். ஆனால் இதன் குவியச் சக்கரம் (காட்சியைத் தெளிவாக்கச் சுழற்றுவது) மந்தமானது. அண்மைக் கிளையிலிருந்து தொலைவான பனைக்கு மாறுவதற்குள் பறவை போய்விடுகிறது. இவ்விலைக்கு இதைவிட வேகமான சக்கரத்தை எதிர்பார்ப்பது நியாயமே.

இணையத்தில் மாங்குயிலின் ஆங்கிலப் பெயரால் பெண் ‘ஓரியோல்’ பற்றித் தேடுபவர்களுக்கு வட அமெரிக்கப் பறவைகளே முதலில் வந்து விழும். அவை வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. பெயரில் மட்டுமே உறவு. அவற்றை ஈர்க்க ஒரேஞ்சுத் துண்டு தொங்கவிடும் அறிவுரைகளை நம்பித் தோட்டத்தை அலங்கரிக்கத் தேவையில்லை.

உடலமைப்பில் குறை குறைவு. உள்ளே நைதரசன் வாயு நிரப்பப்பட்டிருப்பதால் குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறங்கியதும் உட்புறம் பனிப்பதில்லை. வெளிவில்லை மட்டும் சற்று நேரம் மங்கும். உப்புக்காற்றுப் பட்டபின் வில்லைகளை நேரடியாகத் துடைக்காமல், முதலில் தூசியை ஊதி அகற்றிவிட்டு ஈரத்துணியால் ஒற்றுவது நல்லது. தரப்பட்ட கழுத்துப்பட்டி மெல்லியதாக இருப்பதால், நெடுநேரம் அண்ணாந்து நிற்பவர்கள் தோள்பட்டியொன்றைத் தனியாக வாங்கவேண்டியிருக்கும்.

ஒரு எல்லையையும் கூறவேண்டும். பொன் மாங்குயிலின் இளம் ஆணும் பெண்ணைப் போலவே கோடுகளுடன் இருப்பதால், எவ்வளவு நல்ல கண்ணாடியில் பார்த்தாலும் குறிப்பேட்டில் ‘பெண் அல்லது இளம் ஆண்’ என்று எழுதுவதே பல வேளைகளில் சரியாகும். நீர்ப்பறவைகளையே பெரிதும் பார்ப்பவர்கள் 10 மடங்குக் கருவியை வாங்கட்டும். மாமரமும் வேம்பும் ஆலும் உள்ள வளவிலும் கோயில் வீதியிலும் பார்ப்பவர்களுக்கு, குவியச் சக்கரத்தைக் கடையிலேயே சுழற்றிப் பார்த்த பின்னர், இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.