அல்ட்ரான் 21 எஃப்1.8: தோவாளைச் சந்தையிலும் பத்மநாபபுரத்திலும் முதல் ரோல்கள்

ரேஞ்ச்ஃபைண்டருக்கு (லென்ஸ் வழியாக இல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்கிற கேமரா) 21 மி.மீ. அகல லென்ஸ் தேடுகிறேன் என்று சொன்னால் தெரிந்தவர்கள் எல்லோரும் சின்னதாக ஒன்று பார் என்றுதான் சொல்வார்கள். நியாயம்தான். ஃபோக்ட்லேண்டர் கம்பெனியிலேயே கலர் ஸ்கோபார் 21 எஃப்4 இருக்கிறது, 136 கிராம்தான், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றலாம். நான் வாங்கியது அதே ஃபோக்ட்லேண்டரின் அல்ட்ரான் 21 எஃப்1.8, செகண்ட் ஹேண்ட். 412 கிராம், 58 மி.மீ. ஃபில்டர், கழற்றவே முடியாத உலோக ஹூட். மாட்டியதும் கேமரா முன்பக்கமாகச் சாய்கிறது. இவ்வளவையும் சுமக்க ஒரே காரணம் வெளிச்சம்: எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிதாகும். எஃப்4-ஐ விட எஃப்1.8-இல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும், அதாவது அது 1/6 நொடி கேட்கிற இடத்தில் இதற்கு 1/30 போதும். 1/6-இல் நடமாடுகிற மனிதரைக் கையில் பிடித்து எடுக்க முடியாது. 1/30-இல் முடியும்.

பின்னணி மங்குவதற்காக இந்த லென்ஸை வாங்க நினைப்பவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம். முழுசாகத் திறந்து வைத்து 3 மீட்டரில் ஃபோகஸ் செய்தாலும் ஏறக்குறைய 2.2 மீட்டரில் இருந்து 4.7 மீட்டர் வரை எல்லாம் தெளிவாகவே விழும். அந்த மங்கல் வேண்டுமென்றால் 50 எஃப்1.4 வாங்கிக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது நேர் எதிரானது: இருட்டான இடத்திலும் ஆள், அவருக்குப் பின்னால் இருப்பவர், கூரை, தரை எல்லாம் ஒரே படத்தில் தெரிய வேண்டும்.

கேமரா ஃபோக்ட்லேண்டரின் பெஸ்ஸா ஆர்4எம், ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர். இப்போது தயாரிப்பில் இல்லை, ஆனால் இந்த லென்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான உடம்பு ஃபிலிமில் எனக்குத் தெரிந்து இல்லை. காரணம், 21 மி.மீ. சட்டக்கோடு (படத்தின் எல்லையைக் காட்டுகிற கோடு) வ்யூஃபைண்டருக்குள்ளேயே இருக்கிறது. லைக்கா எம்6 மாதிரி உடம்புகளில் கோடு 28-ஓடு முடிந்துவிடும், 21-க்கு மேலே தனி வ்யூஃபைண்டர் செருகி, ஒன்றில் ஃபோகஸ், இன்னொன்றில் ஃப்ரேம் என்று கண்ணை மாற்றி மாற்றி வைக்க வேண்டும், அதற்குள் எதிரில் இருப்பவர் எழுந்து போயிருப்பார். பெஸ்ஸாவிலும் இதற்கு ஒரு விலை உண்டு. வ்யூஃபைண்டரின் உருப்பெருக்கம் 0.52 தான், ரேஞ்ச்ஃபைண்டரின் அடித்தளம் (தூரம் பார்க்கும் இரண்டு ஜன்னல்களுக்கு நடுவிலான இடைவெளி) 37 மி.மீ., இரண்டையும் பெருக்கினால் 19 மி.மீ. சொச்சம். இந்த எண் பெரிதானால்தான் ஃபோகஸ் துல்லியமாக இருக்கும். லைக்காவின் 0.72 உடம்பில் இது 50-ஐ ஒட்டி வரும். 50 எஃப்1.4 மாட்டியிருந்தால் இந்த 19 போதாது. 21-க்குப் போதும். ஒரு மீட்டர் தூரத்தில் முழுசாகத் திறந்து எடுத்த நெகட்டிவ்களை லூப் (உருப்பெருக்கி) வைத்துப் பார்த்தேன், ஃபோகஸ் வைத்த கண் கூர்மையாகத்தான் இருக்கிறது.

எரிச்சலான விஷயம் ஒன்று உண்டு: லென்ஸும் அந்த ஹூடும் வ்யூஃபைண்டரின் கீழ் வலது மூலையை மறைக்கின்றன. கொஞ்சமில்லை, நன்றாகவே மறைக்கின்றன. கண்ணாடி போட்டவர்களுக்கு 21-இன் சட்டக்கோடு நாலு ஓரமும் ஒரே பார்வையில் தெரியாது, தலையை லேசாக நகர்த்தித்தான் பார்க்கணும். எனக்குக் கண்ணாடி உண்டு. பழகிவிடும் என்று நினைக்கிறேன், இன்னும் பழகவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளை பூச்சந்தைக்கு விடிவதற்கு முன்பே போய்விட வேண்டும், விடிந்த பிறகு பாதி வியாபாரம் முடிந்திருக்கும். ட்யூப்லைட், கம்பியில் தொங்கும் எல்இடி பல்பு, இவ்வளவுதான் வெளிச்சம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடித்தால் அந்தப் பல்பும் ஆடும். எச்பி5 ப்ளஸ் கறுப்பு வெள்ளை ஃபிலிமை அதன் ஐஎஸ்ஓ 400-லேயே வைத்து, எஃப்1.8, 1/30. ஃப்ளாஷ் இல்லை, ஐஎஸ்ஓவைத் தள்ளவில்லை. பிச்சிப்பூ மூட்டையைத் தலைகீழாகக் கொட்டுகிறவரை மூட்டைக்கு இந்தப் பக்கம் நின்று எடுத்தேன். அவர் கை, கொட்டுகிற பூ, பின்னால் விலை பேசுகிற மூன்று பேர், மேலே தகரக் கூரை எல்லாம் வந்திருக்கிறது. சந்தைக்குள் பின்னால் நகர்ந்து நிற்க இடமே கிடையாது. ஓர் அடி பின்னால் வைத்தாலே "மக்கா, பூவ மிதிச்சிராத" என்று ஒரு அம்மா குரல் கொடுப்பார். 35 மி.மீ.-ஐ வைத்துக்கொண்டு இங்கே வருஷக்கணக்காகத் திண்டாடியிருக்கிறேன்.

மாணிக்கமாலை கட்டுகிற இடத்தில்தான் இந்த லென்ஸைப் பற்றி நிறையத் தெரிந்தது. தோவாளையின் மாணிக்கமாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பலருக்கும் தெரிந்திருக்கும். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை, மூன்றையும் மடித்து மடித்து வரிசையாக வைத்து, மாலையின் முகம் தட்டையாக, கல் பதித்த பட்டை மாதிரி வரும்படி கட்டுவார்கள். கட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மீட்டருக்குள் இருந்து எடுத்தேன். அந்தத் தூரத்தில் எஃப்1.8-இல் தெளிவு சுமார் 25 செ.மீ. ஆழம்தான். விரலும் மாலையின் முகமும் கூர்மையாக இருந்தன, அவர் முகம் கொஞ்சம் மெத்தென்று இருந்தது, அது நன்றாகவே இருக்கிறது. ஆனால் கறுப்பு வெள்ளையில் சிவப்பு அரளியும் பச்சை நொச்சியும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் விழுந்துவிட்டன, மாலையின் வடிவமே தெரியவில்லை. இது லென்ஸின் குற்றமில்லை, ஃபிலிமின் இயல்பு. ஆரஞ்சு ஃபில்டர் போட்டால் சிவப்பு வெளுத்து, பச்சை கறுத்து, இரண்டும் பிரிந்துவிடும், ஆனால் அது இரண்டு ஸ்டாப், அதாவது நாலில் மூன்று பங்கு வெளிச்சத்தைத் தின்னும், 1/30 என்பது 1/8 ஆகிவிடும். அதனால் வெயில் ஏறத் தொடங்கிய பிறகு ஃபில்டர் போட்டுத் திரும்ப எடுத்தேன். எஃப்4 லென்ஸ் என்றால் இன்னும் வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கும், அதற்குள் மாலை வண்டியேறிப் போயிருக்கும்.

58 மி.மீ. ஃபில்டர் என்பதை முதலில் குறையாகத்தான் பார்த்தேன், ரேஞ்ச்ஃபைண்டர்காரர்களுக்கு 39-உம் 46-உம்தான் பழக்கம். ஆனால் கேனனின் சாதாரண 18-55 கிட் லென்ஸுக்கும் இதே 58 தான், அதனால் கல்யாண ஃபோட்டோகிராஃபர்கள் போகிற எந்தக் கடையிலும் ஃபில்டரும் மூடியும் கிடைக்கிறது. சின்ன முட்டம் துறைமுகத்தில் உப்புக் காற்றில் நிற்கிறவனுக்கு, கண்ணாடிக்கு முன்னால் துடைத்துத் துடைத்துத் தேய்க்க ஒரு மலிவான யூவி ஃபில்டர் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று தெரியும்.

பத்மநாபபுரம் அரண்மனை வேறு மாதிரி சோதனை. தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறது, நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை. திங்கள்கிழமை போகாதீர்கள், பூட்டியிருக்கும். கேமராவுக்குத் தனிச் சீட்டு உண்டு. உள்ளே எல்லாம் மரம், கறுத்த மரம், கண்ணாடி போல மின்னும் கறுப்புத் தரை, வெளிச்சம் மரச் சட்டங்களின் இடுக்கு வழியாகக் கோடு கோடாக மட்டும் விழும். ராஜாவின் ஆலோசனை மண்டபமான மந்திரசாலையில் ஒளிமீட்டர் காட்டியது எஃப்1.8-க்கு 1/15. ரேஞ்ச்ஃபைண்டரில் ஆடுகிற கண்ணாடி இல்லை, 21 மி.மீ. அகலம் வேறு, தூணில் தோளைச் சாய்த்து மூச்சைப் பிடித்து எடுத்தால் 1/15 தெளிவாகவே வருகிறது. தூண்கள் ஓரத்தில்கூட நேராக நிற்கின்றன, கேமராவை மட்டமாகப் பிடித்தால். கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்தாலும் எல்லாத் தூணும் உள்நோக்கிச் சரியும், அது எந்த 21-க்கும் உள்ளதுதான். அதேபோல் ஓரத்தில் நிற்கிறவர் முகம் பக்கவாட்டில் இழுபடும், குடும்பப் படத்துக்கு இதை எடுத்துப் போகாதீர்கள், சித்தப்பா கோபித்துக்கொள்வார்.

மூலைகள் கறுக்கின்றன. எஃப்1.8-இல் தெளிவாகத் தெரிகிற அளவு. சந்தையிலும் அரண்மனையிலும் மூலை எப்படியும் இருட்டுதான், கண்ணில் படவில்லை. சின்ன முட்டத்தில் விடிகாலை வானத்தை எடுத்த ஃப்ரேம்களில் அப்பட்டமாகப் படுகிறது, திறப்பை எஃப்4-க்கு மூடினால் பெரும்பாலும் போய்விடுகிறது. வானம்தான் முக்கியம் என்றால் மூடித்தான் ஆகணும், அப்புறம் இந்தக் கனத்துக்கு அர்த்தமில்லை. இன்னொன்று, ஃப்ரேமின் ஓரத்தில் விழுகிற பல்பு முழுத் திறப்பில் புள்ளியாக இல்லாமல் ஒரு பக்கம் இழுபடுகிறது. நடுவில் இருக்கிற பல்பு சுத்தமாக இருக்கிறது, பல்பை நேராகப் பார்த்து எடுத்தும் கறுப்பு வெளுக்கவில்லை.

நான் ஃபிலிமில் மட்டும் போட்டிருக்கிறேன். அடாப்டர் வைத்து மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவில் மாட்ட நினைப்பவர்கள் வாங்கும் முன் உங்கள் கேமராவிலேயே மாட்டி மூலைகளைப் பாருங்கள். ரேஞ்ச்ஃபைண்டர் அகல லென்ஸ்களில் ஒளி மூலைக்குச் சாய்ந்து வரும், சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி தடிமனாக இருந்தால் மூலை குழம்பிவிடும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். 13 கண்ணாடிகள் உள்ள லென்ஸ், உள்ளே பூத்துவிட்டால் பிரித்துச் சுத்தம் செய்ய ஆள் தேடி அலைய வேண்டும். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது, வாங்கிய பிறகும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில்தான் வையுங்கள், தோல் உறையில் மூடி வைக்காதீர்கள்.

இதைவிட வேகமாக வேண்டுமென்றால் நோக்டன் 21 எஃப்1.4 இருக்கிறது, 560 கிராம், ஃபில்டர் 62. முக்கால் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் குறைவான லாபத்துக்கு அந்தக் கூடுதல் கனம் எனக்கு வேண்டாம். இப்போதைக்கு அல்ட்ரான் என்னிடம்தான் இருக்கப் போகிறது. நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் திருவிழாவின் கடைசி இரவுகளில், டிசம்பர் 3-க்கு முன்னால், தேர் வரும்போது வீதி முழுக்க சீரியல் செட் விளக்குதான். ஓரத்துப் பல்பு இழுபடுவது அங்கே தொல்லையா இல்லையா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.