மூணாறு குளிருக்கு ஒரு வெப்பமானி

நவம்பரிலேயே புல்லில் உறைபனி படிந்தால் அந்த ஆண்டு குளிர் கடுமையாக இருக்கும் என்று மூணாறு தேயிலை எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பெரியவர்கள் சொல்வதைச் சரிபார்க்கவே, இரவின் மிகக் குறைந்த வெப்பநிலையைக் காட்டும் இந்தப் பாதரச வெப்பமானியை வாங்கினேன். வெயில் ஏறிய பின்னும் சிறு ஊசி இரவு தொட்ட அளவிலேயே நிற்கிறது. பொத்தானை அழுத்தினால் மீண்டும் பாதரசத்தின்மேல் அமர்கிறது. சுவரில் மாட்டிய வெப்பமானி 3 டிகிரி காட்டும் காலையிலும் புல் உறைபனியால் வெளுத்திருக்கலாம், ஏனெனில் மேகமும் காற்றுமற்ற இரவில் தரை காற்றைவிட அதிகமாகக் குளிர்கிறது. ஆகவே முதல் உறைபனி அந்த ஓர் இரவைப் பற்றியே சொல்கிறது. வடகிழக்குப் பருவமழை மேகம் சூழ்ந்தால் அடுத்தடுத்த இரவுகளில் குளிர் தணிந்துவிடும். பனி பொழியும் நாடுகளிலும் முதல் பொழிவை மட்டும் வைத்துக் குளிர்காலத்தைக் கணிக்க முடியாது. உறைபனியில் தேயிலைக் கொழுந்து கருகுமோ என்று அஞ்சுவோர் தாராளமாக வாங்கலாம். அதிலுள்ள எண்கள் மட்டும் மிகச் சிறியவை.